ஏர் சஸ்பென்ஷன்: கம்ப்ரசர் மாத்தியும் அதே எரர் கோடு திரும்ப வருது, காலையில வண்டி உட்கார்ந்திருக்கு

மருதமலை_ரைடர்

வணக்கம்ங்க. செகண்ட் ஹேண்டுல எடுத்த ஜெர்மன் எஸ்யூவி ஒண்ணு வச்சிருக்கேன். நாலு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன். கம்பெனி பேரைச் சொன்னா பேச்சு அதுலயே போயிடும், அதனால விட்டுடறேன்.

ராத்திரி நிறுத்தினா காலையில முன்பக்கம் இடது மூலை இறங்கியிருக்கு. சில நாள் நாலு மூலையுமே தாழ்ந்து நிக்குது. ஸ்டார்ட் பண்ணி விட்டா கர்ருனு சத்தம் போட்டு எழுந்திரிச்சுக்கும். அப்புறம் மஞ்சள் விளக்கு வந்துச்சு. ஸ்கேனர் போட்டதுல "அழுத்தம் மெதுவா ஏறுது", "கம்ப்ரசர் ஓடுற நேரம் அதிகம்"னு ரெண்டு கோடு. கம்ப்ரசர் போச்சுன்னு சொல்லி புதுசு மாட்டினாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, இப்ப அதே ரெண்டு கோடு திரும்ப வந்து நிக்குது. இந்தத் தடவை நாலு பெல்லோவையும் (காத்து நிக்கற ரப்பர் பையை) மாத்தணும்ங்கறாங்க.

கேக்கறது ரெண்டே விஷயம்ங்க. இத்தனை சென்சார் வச்சிருக்கற வண்டிக்கு எங்க ஓட்டைன்னு ஏன் சொல்லத் தெரியல? அடுத்தது, இந்த விளக்கோட குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு ஊட்டி ஏறலாமா? கொண்டை ஊசி வளைவுல பொசுக்குனு உட்கார்ந்துட்டா என்ன பண்றது?

சுருள்வில்

காயில் ஸ்பிரிங் கிட் வாங்கி மாட்டிட்டு நிம்மதியா தூங்குங்க. ரெண்டு டன் வண்டியைக் காத்தை நம்பி நிறுத்தறதே தப்பு.

பெல்லோ_பாண்டியன்

தம்பி, அந்தக் கோடுல "கம்ப்ரசர் போச்சு"ன்னு எங்க இருக்கு? அழுத்தம் மெதுவா ஏறுதுன்னுதான் இருக்கு. ஒரு பக்கம் காத்து போய்க்கிட்டே இருந்தா மெதுவாத்தான் ஏறும்.

லேண்ட் ரோவர் வச்சிருக்கறவங்க கூடுற இடத்துல சி1ஏ20ன்னு ஒரு கோடு ரொம்பப் பிரபலம். அதுக்கு அர்த்தம் "காற்றுத் தொட்டியை நிரப்பும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது", அவ்வளவுதான். பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தாலும் அதே கோடு. காத்து உறிஞ்சுற ஃபில்டர் அடைச்சிருந்தாலும் அதே கோடு. டிரையர் (காத்துல இருக்கற ஈரத்தை எடுக்கறது) அடைப்பு, வால்வ் பிளாக் (எந்தப் பெல்லோவுக்குக் காத்துன்னு பிரிச்சு விடுறது) லீக், பைப் மூட்டு லீக், எதுக்கும் அதே கோடுதான். வண்டி நோயைச் சொல்லல, காய்ச்சல் இருக்குன்னு மட்டும் சொல்லுது.

நீங்க சொன்ன வரிசையைப் பாருங்க. முதல்ல மூலை இறங்குச்சு, அப்புறம்தான் விளக்கு. அப்ப லீக்தான் மூத்தது. லீக்கை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாம ஓடி தேஞ்சது. லீக்கை விட்டுட்டு கம்ப்ரசரை மாத்தினா புதுசும் அதே வழியில போகும். பழைய பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

எம்பெடட்_யாழினி

பாண்டியன் அண்ணா சொன்னது சரி. "ஏன் சொல்லத் தெரியவில்லை" என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் சேஸிஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிற ஆள்.

ஓட்டையைப் பார்க்கிற சென்சார் என்று ஒன்று இந்த அமைப்பில் கிடையவே கிடையாது. இருப்பவை: சக்கரத்துக்கு ஒன்றாக உயர சென்சார் (சில வண்டிகளில் மூன்றுதான்), வால்வ் பிளாக்கில் ஒரே ஒரு அழுத்த சென்சார், கம்ப்ரசர் தலையில் ஒரு வெப்ப சென்சார். இவற்றோடு கேன் (வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் ஒயர்) வழியாக வேகம், பிரேக், கதவு, ஸ்டியரிங் கோணம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் வரும். மற்றதை ஈசியூ, அதாவது அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும்.

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் விஷயம் இது. பெல்லோவுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வண்டியின் எடை, உயரம் அல்ல. அந்த மூலையில் 600 கிலோ உட்கார்ந்திருக்கிறது, பெல்லோவின் பயனுறு பரப்பு 80 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறக்குறைய 7.5 பார். காற்று கசிந்து வண்டி 3 செ.மீ. இறங்கினாலும் மேலே இருக்கும் எடை அதேதான், எனவே அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான். பம்ப் ஸ்டாப் (வண்டி முழுக்க இறங்கினால் முட்டி நிற்கும்) ரப்பரில் போய் உட்கார்ந்து அது எடையைத் தாங்கத் தொடங்கிய பிறகுதான் அழுத்தம் விழும். ஆக, மெல்லிய கசிவு அழுத்த சென்சாருக்குத் தெரியவே தெரியாது. அதோடு, அந்த ஒற்றை சென்சார் வால்வ் பிளாக்கின் பொதுப் பாதையில் இருக்கிறது. எந்த வால்வைத் திறக்கிறதோ அந்தப் பெல்லோவின் அழுத்தம்தான் அதற்குத் தெரியும், மற்றவை அப்போது மூடியிருக்கும்.

உயர சென்சாருக்கு இறங்கியது தெரியும், ஏன் இறங்கியது என்று தெரியாது. டிக்கியில் மூட்டை ஏற்றினாலும் இறங்கும், கசிந்தாலும் இறங்கும், குளிர்ந்தாலும் இறங்கும்.

அதனால் ஈசியூ நேரத்தைத்தான் சாட்சியாக வைக்கிறது. "வால்வைத் திறந்தேன், கம்ப்ரசரை ஓட்டினேன், இத்தனை நொடியில் இத்தனை மி.மீ. ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை." உங்கள் இரண்டு கோடும் இந்த வகை.

மருதமலை_ரைடர்

அப்ப சென்சாரே பொய் சொன்னா என்னாகும்ங்க அக்கா?

எம்பெடட்_யாழினி

அப்பட்டமாகப் பொய் சொன்னால் எளிதில் பிடித்துவிடலாம். உயர சென்சார் 5 வோல்ட்டில் ஓடும், ஆனால் உயிரோடு இருக்கும்போது 0.5-லிருந்து 4.5 வோல்ட் வரைதான் காட்டும்படி வைத்திருப்பார்கள். ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ 0-வுக்கோ 5-க்கோ ஓடிவிடும். இரு ஓரத்திலும் இடம் விட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்தப் பிழை உடனே பதிவாகிவிடும், கோடும் எந்தச் சென்சார் என்று பெயர் சொல்லும்.

நம்பும்படி சொல்கிற பொய்தான் ஆபத்து. சென்சாரையும் சக்கரத்தோடு ஏறி இறங்கும் கன்ட்ரோல் ஆர்மையும் இணைக்கும் சின்னக் கம்பியின் பந்து மூட்டு கழன்றுவிட்டது என்று வையுங்கள். சென்சார் 2.3 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். வோல்டேஜ் செல்லுபடியாகும் எல்லைக்குள்தான் இருக்கிறது, மின்சார ரீதியாகப் பிழை ஏதும் இல்லை. மற்ற மூன்றும் ரோட்டுக் குழியில் ஆடும்போது இது மட்டும் ஆடாமல் இருக்கிறதா, வால்வைத் திறந்து காற்று கொடுத்தும் நகரவில்லையா என்று ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். இந்தச் சோதனை முடிய நேரம் எடுக்கும். அதற்குள் ஈசியூ "இன்னும் தாழ்ந்தே இருக்கிறது" என்று நினைத்து அந்த மூலையைத் தூக்கிக்கொண்டே போகக்கூடாது. அதனால்தான் ஒரே மூச்சில் இத்தனை நொடிக்கு மேல் வால்வைத் திறக்காதே என்ற வரம்பு தனியாக இருக்கும்.

பிராக்கெட் லேசாக வளைந்து எல்லாம் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தால், அதை ஈசியூ பிடிக்காது. வண்டி கோணலாக நிற்கும், விளக்கு எரியாது. அங்கே இன்ச் டேப்தான் துணை.

பெல்லோ_பாண்டியன்

அந்த டேப்பைத்தான் நான் முதல்ல எடுக்கச் சொல்லுவேன். தம்பி, இதைச் செஞ்சு பாருங்க, ஸ்கேனர் வேண்டாம்.

சமதளத்துல நிறுத்தி, நாலு சக்கரத்துலயும் நடு மூடியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து எழுதிக்குங்க. அன்னைக்கு ராத்திரி ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸைப் பிடுங்கிடுங்க. எந்த ஃபியூஸ்னு உங்க வண்டி மேனுவல்ல பார்த்து உறுதி பண்ணிக்கிட்டுப் பிடுங்குங்க. காலையில திரும்ப அளங்க.

ஃபியூஸ் எதுக்குன்னா, நீங்க "சில நாள் நாலு மூலையும் தாழ்ந்து நிக்குது"ன்னு எழுதினீங்க பாருங்க, அதுக்குத்தான். சில வண்டி நிறுத்திப் பூட்டின பிறகும் இடையில முழிச்சு உயரத்தைப் பார்க்கும். கம்ப்ரசரை ஓட்டினா பேட்டரி போகும், அதனால தூக்காது. தாழ்ந்த மூலைக்குச் சமமா மத்த மூணையும் இறக்கிடும். நம்மாளு காலையில பார்த்துட்டு நாலும் லீக்குன்னு நினைப்பாரு. ஓட்டை ஒண்ணுதான். ஃபியூஸைப் பிடுங்கினா வால்வ் எல்லாம் மூடியபடி இருக்கும், ஓட்டை இருக்கற மூலை மட்டும் இறங்கும். நாலு பெல்லோ மாத்தச் சொல்றவங்க இந்தச் சோதனையைச் செஞ்சாங்களான்னு கேளுங்க.

இறங்கின மூலையில பெல்லோ மடிப்பு, மேல பைப் நுழையுற மூட்டு, வால்வ் பிளாக்குல அந்தப் பைப் வந்து சேருற மூட்டு, மூணுக்கும் சோப்புத் தண்ணி அடிங்க. வண்டி உயரமா நிக்கறப்பவும் தாழ்ந்து நிக்கறப்பவும் தனித்தனியா பாருங்க. பெல்லோ மடியுற இடம் உயரத்துக்குத் தக்க மாறும். ஒரு உயரத்துல அடைஞ்சிருக்கற வெடிப்பு இன்னொண்ணுல வாயைத் திறக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டாண்ட் வைக்கணும். ஜாக்கி மட்டும் போதாது. ஃபியூஸ் பிடுங்கிட்டேன், காத்து அப்படியே நிக்கும்னு நம்பிப் படுக்காதீங்க. ஓட்டையைத் தேடித்தானே போறீங்க!

சுருள்வில்

பாருங்க, டேப்பு, சோப்பு, ஃபியூஸு, ஸ்டாண்டு. காயில் போட்டா இதுல எது வேணும்? கூட ஒரு சின்ன எமுலேட்டர் பெட்டி தர்றாங்க, விளக்கும் எரியாது.

எம்பெடட்_யாழினி

அந்தப் பெட்டி என்ன செய்கிறது தெரியுமா சார்? எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஈசியூவிடம் நிரந்தரமாகப் பொய் சொல்கிறது. பல வண்டிகளில் ஹெட்லைட்டின் தானியங்கி மட்டமும் அதே உயர சென்சாரைத்தான் பார்க்கிறது. பின்னால் பாரம் ஏற்றினால் விளக்கைத் தாழ்த்தச் சொல்வது அதுதான். பெட்டி "மட்டமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எதிரே வருபவர் கண் கூசும். ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் அமைப்பும் அதே தகவலில் ஓடுவது உண்டு.

காயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாகம் கிடைக்காத பழைய வண்டிக்கு அது நியாயமான முடிவு. ஆனால் ஈசியூவில் "இந்த வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன் இல்லை" என்று முறையாகக் கோடிங் மாற்ற வேண்டும், ஹெட்லைட் சென்சாரை விட்டுவைக்க வேண்டும், ஷாக்கும் பொருத்தமாக இருக்க வேண்டும். ரெசிஸ்டர் ஒட்டி விளக்கை அணைப்பது வேறு விஷயம்.

பழைய_ரோவர்

வணக்கம், லண்டன்ல இருந்து எழுதுறன். இந்த இழையை இப்பதான் பார்த்தன். தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் வடிவா பதில் சொல்லேல்லை: பிழை வந்தா வண்டி என்ன செய்யவேணும்?

இதில வண்டிக்கு வண்டி யோசனை வேற. 1957இல வந்த கடிலாக் எல்டோராடோ புரோகாம்ல ஏர் சஸ்பென்ஷன் இருந்தது. அந்தக் காலத்தில பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மூளையும் இல்லை, காத்துப் போனா வண்டி படுத்திடும், கன சொந்தக்காரர் காயிலுக்கு மாத்திப்போட்டினம். 1984இல லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 கணினியோட வந்தது. டிக்கிக்குள்ள ஒரு சுவிட்ச் வைச்சவை, வண்டியைத் தூக்க முதல் அதை அணைக்கவேணும். சக்கரம் தொங்கினா கணினி "வண்டி கூட உயர்ந்திட்டுது" எண்டு நினைச்சுக் காத்தை வெளியில விட்டிடும் எண்டதாலதான். இண்டைக்கு ஜாக் மோட் எண்டு திரையில இருக்கிறதும் அதே சுவிட்ச்தான்.

1994இல வந்த ரேஞ்ச் ரோவர் பி38ஏ கொஞ்சம் கடுமையான ஆள். தனக்குச் சந்தேகம் வந்தா பிழையைப் பூட்டி வைச்சிடும். "மெதுவாப் போ, கூடியது 35 மைல்" எண்டு திரையில எழுதும். கனக்கப் பிழையளுக்கு பம்ப் ஸ்டாப்பில இறக்கியும் விடும். பிழையை அழிக்க தனிக் கருவி வேணும். ஆர்வலர்கள் பிறகு லாப்டாப்பில ஓடுற இலவச மென்பொருளே எழுதி வைச்சினம். என்ர கேள்வி, இறக்கி விடுறது பாதுகாப்போ, இல்லை நிண்ட இடத்திலயே உறைய வைக்கிறது பாதுகாப்போ?

எம்பெடட்_யாழினி

அண்ணை, இதுதான் வடிவமைப்பவர்களுக்குள்ளேயே சண்டை வரும் இடம். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

இன்றைய கார்களில் சோலனாய்டு (மின்சாரத்தால் திறக்கும்) வால்வுகள் மின்சாரம் இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும்படிதான் இருக்கும். ஈசியூ செத்தாலும், ஃபியூஸ் போனாலும், ஒவ்வொரு பெல்லோவிலும் இருந்த காற்று அங்கேயே நிற்கும். கைவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதுதான் அடிப்படை. அதற்கு மேல், பெல்லோவின் வாயிலேயே ஒரு எச்ச அழுத்த வால்வ் வைப்பார்கள். பைப் அறுந்தாலும் ஏறக்குறைய 3 பாரை அது உள்ளே பிடித்து வைக்கும். காற்றில்லாத பெல்லோ மடிப்பு பிசகி நசுங்காமல் இருக்கவும் அது வேண்டும்.

உறைய வைப்பதில் ஒரே சிக்கல், வண்டி ஆஃப்ரோடு உயரத்தில் இருக்கும்போது பிழை வந்தால். ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது, அந்த உயரத்திலேயே உறைந்துபோய் நெடுஞ்சாலையில் 110-இல் ஒருவர் வளைத்தால் கவிழும் அபாயம் கூடுகிறது. அப்போது இறக்குவது நியாயம். ஆனால் இறக்க வேண்டுமென்றால் நான்கு மூலையும் சமமாக இறங்குகிறதா என்று தெரிய வேண்டும். பிழையே உயர சென்சாரில் என்றால்? குருட்டுத்தனமாகக் காற்றை விட்டால் ஒரு மூலை முதலில் விழும். பி38ஏ-வின் விடை, முழுக்க பம்ப் ஸ்டாப் வரை இறக்கிவிடு, அங்கே எல்லா மூலையும் தெரிந்த உயரத்தில் இருக்கும் என்பது. முரட்டுத்தனமான விடை, ஆனால் தர்க்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால், சாதாரண உயரத்தில் வந்த பிழைக்கு உறைவு, மேல் உயரத்தில் வந்த பிழைக்கு வேக வரம்போடு எச்சரிக்கை, சென்சார் நம்பத்தக்கதாக இருந்தால் மட்டும் இறக்கம்.

2011-இல் ஐஎஸ்ஓ 26262 (வண்டி மின்னணுவியலுக்கான பாதுகாப்புத் தரநிலை) வந்த பிறகு இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லாமல் யாரும் நகர முடியாது. எந்தப் பிழைக்கு எது பாதுகாப்பான நிலை, எத்தனை நேரத்துக்குள் அங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

பிழை இல்லாதபோதும் எது பாதுகாப்பான உயரம் என்பதே மாறக்கூடிய விஷயம்தான். 2002-இல் வந்த ஆடி ஏ8 சாதாரண அமைப்பில் 120 கி.மீ.க்கு மேல் 30 நொடி போனால் 25 மி.மீ. தாழும், காற்றுத் தடையும் குறையும், நிலைத்தன்மையும் கூடும். டெஸ்லா மாடல் எஸ்ஸும் அதேபோல் தாழ்ந்துதான் ஓடியது. ரோட்டில் கிடந்த இரும்பு அடிப்பகுதி பேட்டரியைக் குத்தித் தீப்பிடித்த சம்பவங்கள் வந்ததும், 2013 நவம்பரில் இணையம் வழியாகவே மென்பொருளை மாற்றி நெடுஞ்சாலை உயரத்தைக் கூட்டினார்கள். ஒரு ஸ்பேனரையும் தொடாமல்!

இப்போது ரைடர் கேள்விக்கு. ஓடும்போது பொசுக்கென்று உட்காருமா? பெல்லோ கிழிந்தாலோ பைப் அறுந்தாலோ மட்டும்தான். மூட்டுக் கசிவு ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு இறக்குகிறது, வளைவில் இரண்டு நொடியில் இறக்காது. வளைவில் வண்டி சாய்வதைப் பார்த்து ஈசியூ ஏமாந்து காற்று மாற்றிவிடாதா என்றால், ஸ்டியரிங் கோணமும் பக்கவாட்டு முடுக்கமும் வரும்போது மட்டம் பார்ப்பதை அது நிறுத்தி வைக்கும். பிரேக் மிதித்து மூக்கு தாழும்போதும் அப்படியே. கதவு திறந்திருந்தால் இறக்காது, யாருடைய காலாவது அடியில் இருக்கலாம்.

ஆனாலும் இந்த நிலையில் ஊட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. கம்ப்ரசர் ஏற்கெனவே எல்லையில் ஓடுகிறது. மேலே நாலு பேர், பெட்டி, நிறுத்தி நிறுத்தி ஏற்றம். கம்ப்ரசர் சூடேறினால் ஈசியூ அதை அணைத்துவிடும். அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, ஆறியதும் திரும்ப ஓட்டும். அந்த இடைவெளியில் மூலை தாழ்ந்தால் ஈடுகட்ட ஆளில்லை. சக்கரம் மட்கார்டில் உரசிக்கொண்டு குன்னூர் இறக்கத்தில் இறங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆம்னி_ரசிகன்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ராத்திரி பஸ்ல போறப்ப நிறுத்தத்துல புஸ்ஸுன்னு சத்தம் கேக்குதே, அதுவும் இதே மாதிரி கம்ப்யூட்டர் கணக்குதானா? 2001ல வோல்வோ பி7ஆர் வந்ததிலிருந்து ஏர் சஸ்பென்ஷன் பஸ்னா தனி மரியாதை. ஆனா பஸ்ல பிரேக்கும் காத்துதானே? பெல்லோ வெடிச்சா பிரேக்கும் போயிடுமா?

பெல்லோ_பாண்டியன்

நல்ல கேள்வி. கரூர்ல பாடி கட்டுற பட்டறையில இருந்தவன், இதுல கொஞ்சம் சொல்லலாம்.

நீங்க கேக்கற புஸ் எல்லாமே சஸ்பென்ஷன் இல்ல. பாதி பார்க்கிங் பிரேக், கொஞ்சம் ஏர் டிரையர் தண்ணியைத் துப்புற சத்தம், கதவு சிலிண்டர் வேற.

பஸ்ல பெரும்பாலும் கம்ப்யூட்டரே கிடையாது, லெவலிங் வால்வ்தான். ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கம்பி. ஆள் ஏறி பாடி தாழ்ந்தா கம்பி வால்வைத் திருப்பும், காத்து உள்ள போகும். இறங்கினா வெளிய விடும். குழியில விழுந்தா உடனே எதிர்வினை காட்டாது, கொஞ்சம் தாமதம் உள்ளயே வச்சிருப்பான். கம்பி வளைஞ்சா பஸ் கோணலா ஓடும், யாருக்கும் விளக்கு எரியாது. யாழினி சொன்ன பிராக்கெட் கதையேதான். வாப்கோ 1986ல ஈகாஸ்னு எலக்ட்ரானிக் முறை கொண்டுவந்தான், அது இருக்கற வண்டியில சென்சார், ஈசியூ எல்லாம் உண்டு. சென்னையில 2024ல எம்டிசி (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) கொண்டுவந்த தாழ்தளப் பஸ்ல நிறுத்தத்துல ஒரு பக்கம் மண்டி போடுது இல்லையா, அந்த வேலைக்கு அந்த மாதிரிக் கட்டுப்பாடு வேணும். மண்டி போட்டிருக்கறப்ப, கதவு திறந்திருக்கறப்ப வண்டி நகரக்கூடாதுன்னு பூட்டு வைக்கறதும் அதோட சேர்ந்ததுதான்.

பிரேக் விஷயத்துக்கு வர்றேன். கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்து நேரா எல்லாத்துக்கும் போகாது. நாலு வழிப் பாதுகாப்பு வால்வ்னு ஒண்ணு நடுவுல இருக்கு. முன் பிரேக்குக்கு ஒரு தொட்டி, பின் பிரேக்குக்கு ஒரு தொட்டி, பார்க்கிங் பிரேக்குக்கு ஒரு பாதை, மிச்ச எடுபிடிக்கு, அதாவது சஸ்பென்ஷன், கதவு இதுக்கெல்லாம் இன்னொரு பாதை. ஒரு பாதையில காத்து கொட்டிப் போனா அந்த வழியை வால்வ் மூடிடும், மத்த மூணுலயும் அழுத்தம் நிக்கும். காலையில முதல் தடவை நிரப்பறப்பவும் பிரேக்குக்குத்தான் முன்னுரிமை. பெல்லோ வெடிச்சா பஸ் ஒரு பக்கம் பம்ப் ஸ்டாப்ல உட்காரும், மெதுவா ஓரம் கட்டணும், பிரேக் இருக்கும்.

இதுல நம்மாளுங்க பண்ற வேலை என்ன தெரியுமா? கூடுதல் ஹாரன், கூடுதல் கதவு, ஏதாவது ஒண்ணுக்குக் காத்து வேணும்னா பக்கத்துல இருக்கற பிரேக் தொட்டியில டி (T) மூட்டு போட்டு எடுத்துடறது. பாதுகாப்பு வால்வைத் தாண்டிப் போயாச்சு. பத்து ரூபா டியூப் கிழிஞ்சா பிரேக் காத்து போகும். இதுக்கு எந்தச் சென்சாரும் முன்கூட்டிச் சொல்லாது. டிரைவருக்கு அழுத்தம் குறையுற பஸ்ஸர் அடிக்கறப்பதான் தெரியும்.

ஆம்னி_ரசிகன்

அடேங்கப்பா. இனிமே நானூறு கலர் விளக்கும் பத்து ஹாரனும் பார்த்தா வேற பஸ்ல ஏறிக்கறேன்.

மருதமலை_ரைடர்

பாண்டியன் அண்ணா சொன்ன மாதிரியே ஃபியூஸ் பிடுங்கி வச்சேன்ங்க. காலையில மூணு மூலை அப்படியே இருந்துச்சு. முன் இடது மட்டும் 4 செ.மீ. குறைவு. சோப்புத் தண்ணி அடிச்சதுல பெல்லோவுல ஒண்ணுமில்ல, ஸ்ட்ரட் தலையில பைப் நுழையுற மூட்டுல பொடிப்பொடியா நுரை வந்துச்சு. பைப் நுனியைச் சதுரமா வெட்டி, மூட்டைப் புதுசு போட்டோம். நாலு பெல்லோவுக்குப் பேசின காசுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. இப்ப ராத்திரி முழுக்க நிக்குது. கோடை அழிச்சேன், இதுவரைக்கும் வரல.

பெல்லோ_பாண்டியன்

இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு தம்பி.

ஒண்ணு ரிலே, கம்ப்ரசருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச். கம்ப்ரசர் ரொம்ப ஓடின வண்டியில ரிலேயோட காண்டாக்ட் தீஞ்சு ஒட்டிக்கற பழக்கம் உண்டு. ஒட்டிட்டா ஈசியூ நிறுத்துன்னு சொன்னாலும் கம்ப்ரசர் நிக்காது. வண்டியைப் பூட்டின பிறகும் ஓடுற சத்தம் கேட்டா அதுதான். சின்னக் காசு, கம்ப்ரசரோட சேர்த்து மாத்தியிருக்கணும்.

ரெண்டாவது டிரையர். உள்ள சிலிக்கா ஜெல் மணி இருக்கு. காத்து உள்ள போறப்ப ஈரத்தை உறிஞ்சும். வண்டியை இறக்கறப்ப காய்ஞ்ச காத்து அதே வழியா திரும்பி வெளிய போகும், அந்தக் காத்துதான் மணியில இருக்கற ஈரத்தை எடுத்துக்கிட்டுப் போகும். உங்க வண்டியில காத்து திரும்பி வரல, ஓட்டை வழியாவே போயிடுச்சு. டிரையர் ஈரத்தை வாங்கி வாங்கி வச்சுக்கிட்டே இருந்திருக்கும். அந்த ஈரம் வால்வ் பிளாக்குக்குள்ள போனா வால்வ் சரியா மூடாது, அப்ப வர்ற லீக் சோப்புத் தண்ணிக்கு அகப்படாது.

எம்பெடட்_யாழினி

ரிலே ஒட்டிக்கொண்டதைப் புதிய ஈசியூக்கள் பிடித்துவிடும்: ஓடச் சொல்லவில்லை, ஆனாலும் அழுத்தம் ஏறுகிறது. பிடித்தாலும் நிறுத்த அதனிடம் வேறு சுவிட்ச் இருக்க வேண்டுமே. அழுத்தம் எல்லை மீறாமல் விடுவிக்கும் வால்வும் ஃபியூஸும்தான் அங்கே கடைசிக் காவல். அண்ணா சொல்வது போல் மாற்றிவிடுங்கள்.

மருதமலை_ரைடர்

ரிலேவும் டிரையரும் மாத்தியாச்சு. ஊட்டி போய்ட்டு வந்துட்டோம், ஏற்றத்துல ஒரு தொந்தரவும் இல்ல. ஒரே ஒரு சந்தேகம். மேல ராத்திரி நிறுத்திட்டுக் காலையில பார்த்தா வண்டி லேசா தாழ்ந்த மாதிரி இருந்துச்சு. கீழ வந்த பிறகு அப்படி இல்ல. வேற எங்கயாவது லீக் ஆரம்பிச்சிருக்குமா?

சுருள்வில்

நான் ஒண்ணும் சொல்லல.

எம்பெடட்_யாழினி

சார் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

ரைடர், முன் இடது மட்டுமா, நான்குமா? நான்கும் சமமாக என்றால் குளிர்தான். எடை மாறவில்லை, எனவே அழுத்தம் மாறாது, காற்றின் கன அளவுதான் சுருங்கும். நிறுத்தும்போது பெல்லோ 33 டிகிரியில் இருந்து விடியற்காலை 8 டிகிரிக்கு வந்தால், கெல்வினில் 306-லிருந்து 281, ஏறக்குறைய 8 சதவீதம். பெல்லோவுக்குள் 20 செ.மீ. உயரக் காற்றுத் தூண் என்று வைத்தால் ஒன்றரை செ.மீ. தாழ்வது இயல்பு. சந்தேகம் தீரவில்லை என்றால், அடுத்த முறை மேலே போகும்போது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு விடியலில் ஒருமுறையும், வெயில் ஏறி வண்டி சூடான பிறகு ஸ்டார்ட் செய்யாமல் ஒருமுறையும் அளந்து பாருங்கள். குளிர் என்றால் தானாகத் திரும்ப உயரும். கசிவு என்றால் உயராது.